ஏடும் கட்டிலும்

வெளிநாட்டில் மருத்துவம் பயின்று, பட்டத்துடன் ஒரு பிள்ளை ஊர் திரும்பும் நாள் நம் ஊர்களில் ஒரு பெருநாளைப் போன்றது. மாலையும் சால்வையும் காத்திருக்கின்றன. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் வாழ்த்துகள் குவிகின்றன. நம் மஹல்லாவுக்கும் ஒரு டாக்டர் வந்துவிட்டார் என்று பெரியவர்கள் பூரிக்கின்றனர். ஆனால் பட்டம் வேறு, மருத்துவம் செய்யும் உரிமை வேறு என்னும் உண்மை, அம்மகிழ்ச்சியின் சந்தடி அடங்கிய பின்னரே பலருக்கும் புலப்படுகிறது.

கிர்கிஸ்தானிலோ ரஷ்யாவிலோ ஜார்ஜியாவிலோ பிலிப்பைன்ஸிலோ பயின்று திரும்பும் நம் நாட்டவர், இங்கே பதிவு பெற்ற மருத்துவராக வேண்டுமெனில் ஒரு தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும். 2002ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளின்படி நடந்துவரும் அத்தேர்வை ‘எஃப்.எம்.ஜி.இ.’ என்று சுருக்கமாக அழைக்கின்றனர். ஆண்டுக்கு இருமுறை நடப்பது. வினாக்கள் 300, இரு பகுதிகளாக, பகுதிக்கு 150 வினா, 150 நிமிடம். அதாவது வினா ஒன்றுக்கு நிமிடம் ஒன்று. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. 150 பெற்றால் தேர்ச்சி. பாதி மதிப்பெண்தானே என்று எளிதாக எண்ணிவிட வேண்டா. அண்மை ஆண்டுகளில் பல தவணைகளில், எழுதியவர்களுள் கால் பங்கினர் கூடத் தேறவில்லை.

உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்களாகிய நம்மிடம், இஷாத் தொழுகைக்குப் பின் நால்வர் வந்து அமரத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. மூவர் ஆண்மக்கள், ஒருவர் பெண். அப்பெண்ணுடன் அவருடைய உம்மாவும் வருவார். நம் இல்லத்தாருடன் உள்ளே பேசிக்கொண்டிருப்பார். நால்வரும் முன்பே ஒருமுறையேனும் தேர்வெழுதி, தேறாமல் மீண்டவர்கள். அவர்களுக்குப் பாடம் நடத்துவதாக நாம் சொல்லிக்கொள்வதில்லை. கற்றதை மீண்டும் ஒருமுறை உடனிருந்து புரட்டிப் பார்க்கிறோம், அவ்வளவே.

அவர்கள் படித்துவந்த முறையை முதலில் கூற வேண்டும். தேர்வின் 300 வினாக்களில் 100 அடிப்படை அறிவியலுக்கு உரியவை. உடற்கூற்றியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றுக்குத் தலா 17. நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றுக்குத் தலா 13. சட்ட மருத்துவத்துக்கு 10. எஞ்சிய 200 நோயாளியின் கட்டிலருகே பயிலும் பாடங்களுக்கு உரியவை. பொது மருத்துவத்துக்கு 33, அறுவை மருத்துவத்துக்கு 32, மகப்பேற்று மருத்துவத்துக்கும் சமூக மருத்துவத்துக்கும் தலா 30, குழந்தை மருத்துவம், கண், காது-மூக்கு-தொண்டை ஆகியவற்றுக்குத் தலா 15 என்று அது விரியும். இக்கணக்கைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, மளிகைக் கடையில் சரக்கை நிறுத்துக் கட்டுவதைப் போல, ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தனர். உயிர்வேதியியல் முடிந்துவிட்டது என்பார் ஒருவர். முடிந்தது என்றால் என்ன பொருள் என்று கேட்டால், கைப்பேசியில் இருந்த மூவாயிரம் வினாக்களுக்கும் விடை போட்டாயிற்று என்பார். விடை தெரியும்; ஏன் அதுவே விடை என்பது தெரியாது. வினாவை ஒரு சொல் மாற்றிக் கேட்டுவிட்டால் பொட்டலம் அவிழ்ந்து சிதறிவிடும்.

நோயாளி பொட்டலமாக வருவதில்லையே! அதை உணர்த்துவதற்காகக் கள்ளக்குறிச்சியை எடுத்துக்கொண்டோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவ்வூரில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் இரவில் உங்களிடம் கொண்டுவரப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். வயிற்று வலி என்கிறார். கண் மங்குகிறது, பனிமூட்டத்துக்குள் நிற்பதைப் போல் இருக்கிறது என்கிறார். மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் இருக்கிறது. இவர் எந்தப் பாடத்தைச் சேர்ந்தவர்?

கண் மருத்துவம் என்றார் ஒருவர். இல்லை, பொது மருத்துவம் என்றார் மற்றொருவர். சட்ட மருத்துவத்தின் நஞ்சியல் பகுதி என்றார் மூன்றாமவர். மூவரும் சொன்னது சரியே. ஆனால் மூவரையும் ஒன்றாகக் கட்டும் கயிறு உயிர்வேதியியலில் இருக்கிறது. மெத்தனால் தன்னளவில் அத்துணைக் கொடியதன்று. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதனை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அது பின்னர் ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலமே செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடுகிறது. கண்ணின் நரம்பு முதலில் பலியாகிறது. குருதி புளித்து அமிலமாகிறது. அதை ஈடு செய்யவே மூச்சு விரைகிறது. கண் மங்கியதும் மூச்சு விரைந்ததும் இரு நோய்கள் அல்ல; ஒரே வேதிவினையின் இரு முகங்கள்.

இவ்வளவும் விளங்கினால், முறிவு மருந்து எது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. அந்த நொதியை வேறு வேலையில் ஈடுபடுத்திவிட்டால் போதும். ஃபோமெபிசோல் என்னும் மருந்து அந்நொதியைத் தடுத்து நிறுத்துகிறது. அது கிடைக்காத இடத்தில் எத்தனாலைக் கொடுக்கின்றனர். நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மீதே நாட்டம் மிகுதி. அது எத்தனாலைப் பற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், மெத்தனால் மாற்றமடையாமலே உடலைவிட்டு வெளியேற வழி பிறக்கிறது. தேவைப்பட்டால் குருதிச் சுத்திகரிப்பின் மூலம் அதனை வெளியேற்றலாம்.

அப்போது அப்பெண் ஒரு கேள்வி எழுப்பினார். “எத்தனால் என்றால் மதுவின் சத்தேதானே, சார்? அதை நாம் மருந்தாகக் கொடுக்கலாமா?” நல்ல கேள்வி. விலக்கப்பட்டதை உண்டாலன்றி உயிர் தங்காது என்னும் நிர்ப்பந்தத்தில், வரம்பு மீறாமல் உண்பவர் மீது குற்றமில்லை என்பது திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 173ஆம் வசனத்தின் கருத்து. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என்பதும் நம் இமாம்கள் வகுத்தது. வேறு மருந்து இருக்கும்போது அதையே நாடுவோம்; இல்லாதபோது உயிரைக் காப்போம் என்று அவர்களே பேசித் தெளிந்தனர். ஓர் இரவில் ஒரே நோயாளியைக் கொண்டு உயிர்வேதியியல், உடலியங்கியல், மருந்தியல், கண், நஞ்சியல், பொது மருத்துவம், இறுதியில் ஃபிக்ஹு வரை சென்று வந்துவிட்டோம்! அன்று வினாத்தொகுப்பைத் திறக்கவே இல்லை. ஆனால் மறுநாள் திறந்தபோது பதினொரு வினாக்களுக்கு விடை தாமாகவே வந்தன என்று அவர்கள் கூறினர்.

அடிப்படை அறிவியல் என்பது தேர்வுக்காகச் சுமக்கும் வீண்பாரம் என்னும் எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அதற்கு மறுமொழியாக நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுவது வாந்திபேதியை. காலரா நஞ்சு குடலின் செல்களைத் தூண்டி, உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்கிறது. வெறும் நீரைக் குடித்தாலும் தங்குவதில்லை. உப்புநீரைக் குடித்தாலும் தங்குவதில்லை. ஆனால் குடலின் சுவரில், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு வாயில் உண்டு. ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் இதனை எடுத்துரைத்தார். அதைக் கேட்டவர்களுக்கு அது ஆய்வுக்கூடத்து நுணுக்கமாகவே தோன்றியிருக்கும். ஆனால் காலரா நஞ்சு அந்த வாயிலை மட்டும் தொடுவதில்லை!

1971இல் கிழக்கு வங்கத்துப் போரினால் இலட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி அகதிகளாக வந்தபோது, போங்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலானபிஸ் அவர்கள் உப்பையும் சோடாவையும் குளுக்கோஸையும் அளவாகக் கலந்து, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். தாய்மாரும் உறவினருமே குவளையில் மொண்டு ஊட்டினர். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவருடைய கண்காணிப்பில் இருந்தோரிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. இன்று மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்னால் இவ்வரலாறு இருக்கிறது. குடற்சுவரில் உள்ள ஒரு வாயிலைப் பற்றிய 17 மதிப்பெண் பாடம், போங்காவில் எத்தனையோ பிள்ளைகளை அவர்களுடைய தாய்மாருக்கு மீட்டுத் தந்தது.

இவ்வாறு ஏட்டையும் கட்டிலையும் இணைத்துப் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் ஒரு சோதனை வந்தது. நால்வருள் ஓர் இளைஞர், வீட்டின் மூத்த பிள்ளை. அவரைப் படிக்க வைப்பதற்காக வாப்பா வளைகுடாவில் கூடுதலாக ஆறாண்டுகள் உழைத்தார். உம்மாவின் நகைகள் வங்கியில் இருந்தன. அவரை ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்கு அழைத்திருந்தனர். பதிவு பெற்ற வேறொருவரின் பெயரும் எண்ணும் ஏட்டில் இருக்கும்; இவர் இரவில் அமர்ந்திருந்தால் போதும். மாதந்தோறும் கணிசமான தொகை.

“ஊசி போடுவதும் குளுக்கோஸ் ஏற்றுவதும்தான் மாமா வேலை. ஏதாவது பெரிதாக வந்தால் பெரிய டாக்டருக்குப் போன் செய்துவிடலாம் என்கிறார்கள். வாப்பாவும் திரும்பி வந்துவிடலாம்.”

இது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லிவிட நமக்கு ஒரு நொடி போதும். பதிவின்றி மருத்துவம் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் கூறுகிறது. அதனை அவரும் அறிவார். கடனில் இருப்பவரிடம் சட்டப்பிரிவைப் படித்துக் காட்டுவதில் என்ன பயன்? ஆகவே நாம் அன்றைய பாடத்தைத் தொடங்கினோம்.

“தம்பி, இரவு இரண்டு மணி. பதினைந்து வயதுச் சிறுவன். இரண்டு நாளாக வாந்தி. நா வறண்டிருக்கிறது. மூச்சு ஆழ்ந்து வாங்குகிறது. மூச்சில் பழம் அழுகிய மணம். குருதியில் சர்க்கரை 480. பொட்டாசியம் 2.9. செவிலி இன்சுலினை ஊசியில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். பெரிய டாக்டர் போனை எடுக்கவில்லை. என்ன செய்வாய்?”

“இன்சுலின் கொடுப்பேன், மாமா. சர்க்கரை 480 இருக்கிறதே.”

பெண் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நாம் தாளில் ஒரு செல்லை வரைந்தோம். இன்சுலின் சர்க்கரையை மட்டுமா செல்லுக்குள் அழைத்துச் செல்கிறது? பொட்டாசியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது. சிறுநீரிலும் வாந்தியிலும் உடலின் பொட்டாசியம் ஏற்கெனவே பெருமளவு போய்விட்டது. இத்தகைய நோயாளிகளின் குருதியில் பொட்டாசியம் சரியாகவோ மிகுதியாகவோ தெரிவதுண்டு; உடலின் இருப்போ குறைந்தே இருக்கும். இச்சிறுவனுக்கோ குருதியிலேயே 2.9தான். இப்போது இன்சுலினைச் செலுத்தினால், எஞ்சியிருப்பதும் செல்லுக்குள் போய்விடும். இதயத்தின் துடிப்பு தாளம் தவறும், நின்றும் போகும். உப்புநீர் ஏற்றி, முதலில் பொட்டாசியத்தை ஈடு செய்து, அதன் பின்னரே இன்சுலின் கொடுக்க வேண்டும். சர்க்கரை 480 என்னும் எண் காத்திருக்கும், இதயம் காத்திராது.

அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கேள்வியை நான் நான்கு முறை சரியாகப் போட்டிருக்கிறேன்” என்று மெல்லக் கூறினார். உண்மைதான். வினாத்தொகுப்பில் விடை நான்கு வரிகளுக்குள் காத்திருக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த நான்கு வரிகளை எவரும் எழுதி நீட்டுவதில்லை.

அவர் அப்பணிக்குச் செல்லவில்லை. பகலில் தம் மாமனாரின் சகோதரர் நடத்தும் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார். நகைகள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன.

மருத்துவ அறிவுடையவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து, அதனால் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. மருத்துவரின் தகுதியைச் சோதிக்கும் வழக்கமும் நமக்குப் புதியதன்று. மருத்துவரைச் சோதிப்பது எவ்வாறு என ஆராய்ந்த அர்-ராஸீ அவர்கள், முதலில் உடலுறுப்புகளின் அமைப்பைப் பற்றி வினவ வேண்டும். அதை அறியாதவரை நோயாளிகளிடம் வைத்துச் சோதிக்கத் தேவையே இல்லை என்னும் கருத்தினர். அடிப்படை முதலில், கட்டில் அடுத்து என்பதே அன்றும் வரிசை.

ஹிஜ்ரி 319இல், அதாவது கி.பி. 931இல், பக்தாதில் ஒரு நோயாளி மருத்துவர் ஒருவரின் பிழையால் இறந்தார். செய்தி கலீஃபா அல்-முக்ததிரை எட்டிற்று. தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித் சோதித்து இசைவு அளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அவ்வாறு சோதிக்கப்பட்டோர் 860க்கும் மேற்பட்டவர்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

அச்சோதனைக்கு வந்தவர்களுள் ஒரு முதியவரின் கதை புகழ்பெற்றது. நல்ல உடையும் கம்பீரமும் உடைய அவர், தமக்கு எழுதவும் படிக்கவும் சரியாகத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, தம் குடும்பம் இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்றார். ஸினான் சிரித்து, அறியாத எதையும் நோயாளிக்குச் செய்யலாகாது. எளிய நோய்களுக்கன்றிக் குருதி வாங்குவதையும் பேதி மருந்தையும் தொடலாகாது என்னும் நிபந்தனையுடன் இசைவளித்தார். தாம் வாழ்நாளெல்லாம் எளிய பானகங்களைத் தாண்டியதில்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றீர் என்ற கேள்விக்கு, தந்தையிடம் என்றார். நேற்று வந்த முதியவரே அந்தத் தந்தை! அவர் வழியையே பின்பற்றுவதாயின் அதனைத் தாண்டாதீர் என்று சொல்லி அனுப்பினார் ஸினான்.

இக்கதையைக் கேட்டு நால்வரும் சிரித்தனர். பிறகு பெண் கேட்டார்: “அவருக்கு இசைவு கொடுத்தது சரியா, சார்? நாங்கள் 149 எடுத்தாலும் எங்களுக்குக் கிடைக்காதே.”

அக்கேள்விக்குத் துணிக்கடை இளைஞரே விடையளித்தார். “அந்தப் பெரியவருக்குத் தமக்குத் தெரியாதது எது என்று தெரிந்திருந்தது. நமக்கு அது தெரிய வேண்டாமா? அதற்குத்தானே இத்தனைப் படிப்பும்.”

இதனினும் சிறந்த விளக்கத்தை நாம் அளித்திருக்க இயலாது. மீண்டும் புரட்டிப் பார்ப்பதன் பயன் தெரிந்ததைப் பெருக்குவது மட்டுமன்று. தெரிந்தது எங்கே முடிகிறது என்னும் எல்லைக்கல்லைக் கண்டுகொள்வதுமாகும். அந்தக் கல்லைக் கண்டவர் அவ்விடத்தில் நின்று பிறரை அழைப்பார். காணாதவர் இன்சுலின் ஊசியுடன் அதைக் கடந்து போய்விடுவார். மருத்துவம் என்பது அமானிதம். நோயாளி தம் உடலை நம்பி ஒப்படைக்கிறார். நாம் எத்தனை இரவு விழித்துப் படித்தோம் என்பதை அவர் ஒருபோதும் அறியப் போவதில்லை. அறிய வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

நம் சமுதாயத்தாரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. இப்பிள்ளைகளைத் திருமண வீடுகளில் காணும்போது ‘இன்னுமா பாஸ் ஆகவில்லை?’ என்று கேட்பதை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு ஓர் அறையையும், ஊருக்கு ஒரு நூலகத்தையும், அவர்கள் கூடிப் படிக்க ஓர் இடத்தையும் தாருங்கள். நம் பள்ளிவாசல்களின் மாடிகள் பல ஊர்களில் இரவெல்லாம் வெறுமையாகத்தானே கிடக்கின்றன! குர்ஆன் மத்ரஸாவின் விளக்கை அவர்களுக்காக இன்னும் இரண்டு மணி நேரம் எரியவிட்டால், அந்த வெளிச்சம் நாளை நம் பிள்ளையின் கட்டிலருகிலேயே வந்து நிற்கும்.

சென்ற தவணையில் நால்வருள் இருவர் தேறினர், அல்ஹம்துலில்லாஹ். அப்பெண் அவர்களுள் ஒருவர். இப்போது ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறார். துணிக்கடை இளைஞர் பெற்றது 143. முடிவு வெளியான இரவில் அவர் வரமாட்டார் என்றே எண்ணினோம். இஷா முடிந்து சற்று நேரத்தில் வந்தார். ஸலாம் சொல்லி அமர்ந்தார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர், “சிறுநீரகத்திலிருந்து தொடங்கலாமா, மாமா? அதில்தான் இன்னும் எல்லை தெரியவில்லை” என்றார்.

சிறுநீரகத்திலிருந்தே தொடங்கினோம்.